பிட்ச்சிங் கோச் வேலைக்கு உரிமம் எதுவும் கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டுத் துறை வேலைகள் பற்றித் தாங்கள் வெளியிட்டுவரும் தொடரில், அமெரிக்க பேஸ்பாலின் பிட்ச்சிங் கோச் (பந்துவீச்சுப் பயிற்சியாளர்) பற்றிய கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் பேர் தொடாத விஷயத்தைத் தொட்டதற்கு நன்றி. ஆனால் கட்டுரை மூன்று இடங்களில் வழுக்கிவிட்டது. புகழ்பெற்ற பந்துவீச்சாளர்கள் ஓய்வுக்குப் பிறகு போய் உட்காரும் வேலை இது என்கிறது. அடுத்த பத்தியிலேயே, சில மாதப் படிப்பை முடித்து ‘உரிமம்’ வாங்கினால் யாரும் நுழையலாம் என்கிறது. இரண்டும் எப்படி ஒரே பக்கத்தில் சண்டை போடாமல் இருந்தன என்று தெரியவில்லை. மூன்றாவதாக, அந்த வேலை என்ன என்பதை ‘பந்துவீசக் கற்றுக்கொடுப்பது’ என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டது. இதை நம்பி ஒரு பிள்ளை எங்காவது பணம் கட்டிவிடக் கூடாதே என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நட்சத்திரக் கதையை முதலில் பார்ப்போம். இந்தத் தொழிலில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று டேவ் டங்கன். அவர் பந்து வீசும் பிட்ச்சரே இல்லை, அதைப் பிடிக்கும் கேட்ச்சர். அவரிடம் இருந்தபோது நான்கு பேர் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாங்கினார்கள்: 1983இல் லமார் ஹாய்ட், 1990இல் பாப் வெல்ச், 1992இல் டென்னிஸ் எக்கர்ஸ்லி, 2005இல் கிறிஸ் கார்ப்பென்டர். அட்லாண்டா பிரேவ்ஸ் அணியில் 1990 முதல் 2005 வரை இருந்த லியோ மஸோனி அமெரிக்காவின் முதல்நிலை லீக்கான மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசியதில்லை. மேடக்ஸ், கிளாவின், ஸ்மோல்ட்ஸ் என்ற புகழ்பெற்ற பிட்ச்சர்கள் மூவரும் அவர் பொறுப்பில் இருந்தவர்கள். இன்னொரு பெயர்பெற்ற கோச்சான பிரென்ட் ஸ்ட்ராம் மேஜர் லீக்கில் ஆடினார், ஆனால் பிட்ச்சராக அவர் கணக்கு 22 வெற்றி, 39 தோல்வி. 2019 இறுதியில் நியூயார்க் யாங்கீஸ் எடுத்துக்கொண்ட மேட் பிளேக் கல்லூரி அணியோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டவர். தொழில்முறை ஆட்டத்தில் பந்து வீசியதே இல்லை. வெஸ் ஜான்சன் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். இடையில் ஒரு படிகூட மிதிக்காமல் 2018 இறுதியில் நேராக மினசோட்டா ட்வின்ஸ் அணிக்குப் போனார்.

அதற்காக, ஆடியவர்களுக்கு மதிப்பில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தோள் வலியோடு ஏழாவது இன்னிங்ஸில் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் சொல்லும் சொல்லுக்கு எடை அதிகம்தான். ஆனால் நன்றாக வீசியவர்களில் பலருக்குத் தாங்கள் எப்படி வீசினோம் என்று சொல்லத் தெரியாது. உடம்புக்குத் தானாக வந்ததை வாய் விளக்காது. ஒன்றும் தானாக வராமல் பத்து வருடம் மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்கில் முட்டி மோதியவருக்கு ஒவ்வொரு அசைவும் பெயரோடு தெரியும். நல்ல கோச்சுகள் பெரும்பாலும் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வருகிறார்கள்.

படிக்கட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்தால் வேலையின் அளவு புரியும். மேஜர் லீக்கில் 30 அணிகள், ஆகவே மேலே 30 நாற்காலிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு உதவிக் கோச்சும் ஒரு புல்பென் (மாற்றுப் பிட்ச்சர்கள் வீசித் தயாராகும் இடம்) கோச்சும் இருப்பது இப்போது வழக்கம். கீழே, 2021 சீரமைப்புக்குப் பிறகு 120 மைனர் லீக் அணிகள்: டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ என்று ஒவ்வொரு தாய் அணிக்கும் படிக்கு ஒன்று. அதற்கும் கீழே அரிசோனாவிலும் புளோரிடாவிலும் பயிற்சி வளாகங்களில் நடக்கும் காம்ப்ளெக்ஸ் லீக், டொமினிகன் குடியரசில் நடக்கும் கோடை லீக். இவை எல்லாவற்றுக்கும் பிட்ச்சிங் கோச் உண்டு. இவர்கள் தலைக்கு மேல் படிப்படியாகச் சுற்றிவந்து எல்லா இடத்திலும் ஒரே பாடம் நடக்கிறதா என்று பார்க்கும் கோஆர்டினேட்டர் ஒருவர், மொத்தத்துக்கும் பொறுப்பான டைரக்டர் ஒருவர்.

உள்ளே நுழைய வாசல்கள் மூன்று. மைனர் லீக்கில் ஆடி, அணி கைவிட்டதும் அங்கேயே கோச்சாகத் தங்கிவிடுவது பழைய வாசல். கல்லூரி இரண்டாவது. அங்கே ஒரு உதவியாளர் வருடக்கணக்கில் சம்பளமில்லாமல் ‘தன்னார்வலர்’ என்ற பெயரில் வேலை பார்ப்பார். 2023 ஜூலையில்தான் கல்லூரி ஆட்டத்தின் மேல்தட்டான முதல் டிவிஷன் அணிகள் அந்த இடத்துக்குச் சம்பளம் கொடுக்க அனுமதி வந்தது. டெரெக் ஜான்சன் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திலிருந்து சிகாகோ கப்ஸ் அணியின் மைனர் லீக் கோஆர்டினேட்டராகி, மில்வாக்கி அணி வழியாக 2019இல் சின்சினாட்டி அணிக்குப் போய்ச் சேர்ந்தார். இந்தப் பாதைக்கு நல்ல வரைபடம் அவர்தான். மூன்றாவது வாசல் தனியார் பயிற்சிக் கூடங்கள். வாஷிங்டன் மாநிலத்தில் டிரைவ்லைன் என்ற கூடத்தைத் தொடங்கிய கைல் பாடியை அதே சின்சினாட்டி அணிதான் 2019இல் மைனர் லீக் பொறுப்புக்கு அழைத்தது.

இனி, வேலை. சிங்கிள்-ஏ அணியில் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். வயது 19, முழு வேகப் பந்தான ஃபாஸ்ட்பால் மணிக்கு 94 மைல், அதைப் போலவே தோன்றி மெதுவாக வர வேண்டிய சேஞ்ச்அப் 90 மைல். அந்த இரண்டுக்கும் நடுவே 8 முதல் 10 மைல் வித்தியாசம் இருந்தால்தான் பேட்டர் ஏமாறுவார். 4 மைல் வித்தியாசம் என்றால் அது அடிப்பதற்கு வசதியான ஃபாஸ்ட்பால், அவ்வளவே. அனுபவமில்லாத கோச் ‘மெதுவாக வீசு’ என்பார். பையனும் சொன்ன பேச்சைக் கேட்டுக் கையைச் சுற்றும் வேகத்தைக் குறைப்பான். பந்து மெதுவாக வரும். கை மெதுவாக வருவதைப் பேட்டரும் பார்ப்பார். வேலை கெட்டது. கை ஃபாஸ்ட்பாலுக்குச் சுற்றுவது போலவே சுற்ற வேண்டும், பந்து மட்டும் பின்தங்க வேண்டும். சேஞ்ச்அப்பின் உயிர் அதில் இருக்கிறது.

விஷயம் தெரிந்தவர் கைவீச்சைத் தொடமாட்டார், பிடியைத் தொடுவார். பந்தை விரல்நுனியிலிருந்து உள்ளங்கைப் பக்கமாகச் சற்று இறக்கி, நடுவிரலும் மோதிரவிரலும் மேலே வரும்படி வைத்து, ஆட்காட்டி விரலை ஓரத்துக்கு அனுப்புவார். உடனே பிட்ச்சர் நின்று வீசும் மேட்டில் ஏற்றமாட்டார். முதலில் 90 அடி தள்ளி நின்று தினமும் ஆடும் கேட்ச்சில் சில நாள் இதே பிடி. அது கைக்குப் பழகிய பிறகு புல்பென்: மொத்தம் 25, 30 பந்து, அதில் சேஞ்ச்அப் பத்துக்குள். ஒரு பக்கம் ரேப்சோடோ கருவி வேகத்தையும் சுழற்சியையும் சுழலும் அச்சையும் பந்துக்குப் பந்து காட்டும். இன்னொரு பக்கம் எட்ஜர்டிரானிக் கேமரா பந்து கையை விட்டுப் போகும் கணத்தை நீட்டிக் காட்டும். எந்த விரல் கடைசியாக விலகுகிறது என்பது அதில்தான் தெரியும். ஆட்காட்டி விரல் கடைசியில் பந்தை வழித்துவிட்டால் அது மறுபடி ஃபாஸ்ட்பாலாகிவிடும்.

இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். திரையில் எண்கள் இருக்கின்றனவே என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். முழங்கை, முன்கால், இடுப்பு, அச்சு என்று நான்கு திருத்தங்களை ஒரே புல்பெனில் கேட்ட பையன் அன்றைக்கு எல்லைக்குள் விழும் பந்தான ஸ்டிரைக்கே வீசமாட்டான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல்தான் சொல்லலாம், அதுவும் உடம்பைப் பற்றியதாக இல்லாமல் பந்து போய்ச் சேரும் இடத்தைப் பற்றியதாக இருந்தால் நல்லது. ‘முழங்கையைத் தூக்கு’ என்றால் முழங்கையை நினைத்து இறுகிப்போவான். ‘கேட்ச்சரின் முகமூடி வழியாக வீசு’ என்றால் முழங்கை தானாகவே மேலே வரும். இன்னொரு சறுக்கல், மாறாத எண்ணைத் துரத்துவது. மேஜர் லீக்கில் ஃபாஸ்ட்பால் சராசரியாக நிமிடத்துக்கு 2,300 சுற்றுக்கு அருகில் சுழல்கிறது. ஒருவருடைய இயல்பான சுழற்சி எண் பயிற்சியால் பெரிதாக அசைவதில்லை. பிசின் தடவினால் அசையும். அதனால்தான் 2021 ஜூனிலிருந்து நடுவர்கள் பிட்ச்சர்களின் கையையும் தொப்பியையும் தடவிப் பார்க்கிறார்கள். அச்சையும் பிடியையும் மாற்ற முடியும். எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம் என்று பிரித்தறிவது இந்த வேலையில் பாதி.

மீதிப் பாதி, கையைக் காப்பாற்றுவது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டி எறிந்தால் நோபால். இங்கே அப்படி எறிவதுதான் ஆட்டமே. தோள் உள்பக்கமாகத் திரும்பும் வேகம் நொடிக்கு 7,000 டிகிரியை எட்டுகிறது, அந்த இழுவையில் பெரும்பங்கு முழங்கையின் உள்பக்கத்து ஒரு சிறு தசைநார் மேல் விழுகிறது. அது கிழிந்தால் செய்யும் அறுவைச் சிகிச்சையை 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் டாமி ஜான் என்ற பிட்ச்சருக்குச் செய்தார். இன்றும் அந்தப் பிட்ச்சரின் பெயரில்தான் அழைக்கிறார்கள். மேலே சொன்ன பிரென்ட் ஸ்ட்ராம் அதை இரண்டாவதாகச் செய்துகொண்டவர். திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

மேஜர் லீக்கில் ஃபாஸ்ட்பாலின் சராசரி வேகம் 2008இல் மணிக்கு 91.3 மைலாக இருந்தது, 2024இல் 94.2. காயங்கள் பெருகியது பற்றி மேஜர் லீக் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, வேகத்தைத் துரத்துவதையும் ஒவ்வொரு பந்தையும் முழுப் பலத்தோடு வீசுவதையும்தான் சுட்டியது. அந்த வேகத்தை ஏற்றிக்கொடுப்பதும் பிட்ச்சிங் கோச்தான், காயம் வந்தால் பதில் சொல்வதும் அவர்தான். எடை கூட்டிய பந்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டப் பந்து 5 அவுன்ஸ். அதைவிடக் கனமான, இலேசான பந்துகளால் ஆறு வாரம் பயிற்சி பெற்ற பள்ளிப் பிட்ச்சர்களைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. வேகம் 3.3 சதவீதம் கூடியது. ஆனால் அந்தக் குழுவில் 24 சதவீதம் பேருக்குக் காயம். அந்தப் பந்துகளைத் தொடாத குழுவில் ஒருவருக்கும் இல்லை. எடைப்பந்தே கூடாது என்று இதற்குப் பொருள் சொல்ல மாட்டேன். யாருக்கு, எந்த மாதத்தில், எத்தனை எறிதல் என்று கணக்கு வைக்காமல் கொடுக்கக் கூடாது.

கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது, ஸ்கோர் அட்டையில் ஏறாத பந்துகள்தான் கையைக் கெடுக்கின்றன. புல்பெனில் ஒருவரை எழுப்பி 25 பந்து வீசவைத்து, ஆட்டம் மாறியதும் உட்காரச் சொல்லி, அடுத்த இன்னிங்ஸில் மறுபடி எழுப்பினால், அவர் களத்தில் இறங்காமலே 50 பந்து வீசியிருப்பார். மறுநாள் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே பூஜ்யம் இருக்கும், ‘ஓய்வில் இருந்தவர்தானே’ என்று அணியை நடத்தும் மேனேஜர் கேட்பார். இல்லை என்று சொல்ல, அந்த 50 பந்தையும் கோச் தன் நோட்டில் எழுதிவைத்திருக்க வேண்டும். மேனேஜரிடம் இல்லை என்று சொல்லும் துணிவும் வேண்டும். அது எந்தப் படிப்பிலும் வராது. களைப்பின் அடையாளங்கள் கண்ணுக்குத் தெரிபவை: வேகம் 2 மைல் இறங்கும், கை விடும் இடம் தாழும், பந்து, வீசும் கையின் பக்கமாக மேலே மிதந்து போகும், பந்துக்கும் பந்துக்கும் நடுவே கையை உதறுவார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், ஏனென்றால் அவருக்கும் வேலை போய்விடுமே என்ற பயம். சிறு பிள்ளைகளுக்கு இதனால்தான் எழுதிவைத்த வரம்பு உண்டு. ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டியின்படி 7, 8 வயதில் ஒரு நாளைக்கு 50 பந்து, 17, 18 வயதில் 105. வருடத்துக்கு 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசிய சிறுவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு என்று அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரிலுள்ள விளையாட்டு மருத்துவ நிறுவனம் 2011இல் கண்டது.

மேலே போனால் ஆட்டத்தின் வேலை கூடுகிறது. எதிரணியின் ஒவ்வொரு பேட்டரும் எங்கே அடிக்கிறார், எங்கே ஏமாறுகிறார் என்று தொடர் தொடங்குமுன் கேட்ச்சரோடு உட்கார்ந்து முடிவு செய்வது, ஆட்டத்தின் நடுவே மேட்டுக்குப் போய் அதை நினைவூட்டுவது. அந்தப் பயணங்களுக்கும் கட்டுப்பாடு. 2018இல் ஆட்டத்துக்கு ஆறு என்று வைத்தார்கள், 2019இல் ஐந்து, 2024இல் நான்கு. ஒவ்வொன்றும் 30 நொடி. ஒரே இன்னிங்ஸில் ஒரே பிட்ச்சரிடம் இரண்டாம் முறை போனால் அவரை வெளியே எடுத்தே ஆக வேண்டும். பயணம் எங்கே முடிகிறது என்பதற்கும் கோடு உண்டு: மேட்டின் 18 அடி வட்டத்தை விட்டு இறங்கினால் முடிந்தது. 2010 ஜூலையில் டாட்ஜர்ஸ் அணியை அன்று நடத்திக்கொண்டிருந்த டான் மேட்டிங்லி மேட்டிலிருந்து இறங்கிவிட்டார். முதல் பேஸில் நின்ற அவர் அணி வீரர் ஏதோ கேட்கவே, ஓரடி திரும்பி ஏறினார். எதிரணி மேனேஜர் புரூஸ் போச்சி அதைச் சுட்டிக்காட்ட, நடுவர்கள் இரண்டாவது பயணம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஜொனாதன் பிராக்ஸ்டன் வெளியே போக வேண்டியதாயிற்று, அடுத்து வந்தவர் பந்தில் இரண்டு ரன் போய் ஆட்டமும் போயிற்று. விதிப்புத்தகம் படிப்பது அலுப்பாக இருக்கிறது என்பவர்களுக்கு இதைச் சொல்லிக் காட்டலாம்.

ஸ்பானிய மொழி பற்றியும் கட்டுரை பேசவில்லை. 30 அணிகளுக்கும் டொமினிகன் குடியரசில் பயிற்சிக் கூடம் இருக்கிறது, அங்கிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வரும் 17 வயதுப் பையன்கள்தான் கீழ்ப்படியில் பாதி அறையை நிறைக்கிறார்கள். அவர்களிடம் மொழிபெயர்ப்பாளர் மூலம் ‘வலிக்கிறதா’ என்று கேட்டால் கிடைக்கும் பதில் வேறு, அவர்கள் மொழியில் கேட்டால் கிடைக்கும் பதில் வேறு. அடிப்படையிலிருந்து கற்றுக்கொடுக்க வேண்டிய கட்டாயத்துக்கு நம்மவர்களே ஓர் உதாரணம்: 2008இல் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் தேர்வான ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் ஈட்டி எறிந்தவர்கள், அதற்குமுன் பேஸ்பால் ஆடியதில்லை. டாம் ஹவுஸ் என்ற முன்னாள் பிட்ச்சரிடம் சில மாதம் பயின்று அதே வருடம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள்.

சம்பளத்தைப் பொறுத்தவரை, மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் உள்ள தூரம் மிக அதிகம். கட்டுரை மேல்படியை மட்டும் காட்டியது. ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. வீரர்களுக்குச் சங்கம் உண்டு, கோச்சுகளுக்கு அது கிடையாது. பிப்ரவரி நடுவில் பிட்ச்சர்களும் கேட்ச்சர்களும் மற்றவர்களுக்கு முன்பே பயிற்சி முகாமுக்கு வர வேண்டும், ஆகவே கோச்சும். பருவம் தொடங்கியதிலிருந்து செப்டம்பர் வரை மைனர் லீக்கில் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டம், திங்கள் விடுமுறை. அடுத்த ஊர் என்றால் அந்தத் திங்களும் பஸ்ஸில் போகும். அக்டோபரில் தொலைபேசி அடிக்கும். மேனேஜர் போனால் அவரோடு இவரும் போவது சகஜம். ஸ்ட்ராம் இருந்த அரிசோனா அணி 2023இல் உலகத் தொடர் என்ற இறுதிப் போட்டிவரை போனது, 2024 முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டது. வெஸ் ஜான்சன் 2022இல் பருவத்தின் நடுவிலேயே ட்வின்ஸை விட்டுவிட்டுக் கல்லூரி பேஸ்பாலுக்கே திரும்பினார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. மேனேஜராக உயர்பவர்கள் உண்டு, பட் பிளாக்கும் ஜான் ஃபாரலும் பிட்ச்சிங் கோச்சாக இருந்து போனவர்கள்தான். அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆர்வம் இருக்கும் இளைஞருக்குக் காசில்லாமல் தொடங்க ஒரு வழி இருக்கிறது. 2015 முதல் மேஜர் லீக்கில் வீசப்பட்ட பந்துகளின் அளவீடுகளை பேஸ்பால் சாவன்ட் தளத்தில் யாரும் இறக்கிக்கொள்ளலாம். அதிகம் புகழ் பெறாத ஒரு பிட்ச்சரைத் தேர்ந்தெடுத்து இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: என்ன வீசுகிறார், எதில் அடி வாங்குகிறார், எதை முதலில் மாற்றலாம், மாற்றினால் எங்கே வலி வரலாம், எத்தனை வாரம் ஆகும். பிறகு அதையே படிப்பில்லாத 18 வயதுப் பையனுக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். அந்த வாக்கியம் வராதவர் அடுத்த பிட்ச்சரை எடுத்து மறுபடி எழுத வேண்டும். கல்லூரி அணியிலோ கோடைக்கால லீக்கிலோ பந்து பொறுக்கும் உதவியாளராகச் சேரும்போது கையில் இப்படிப் பத்து இருந்தால் போதும். ஜனவரியில் அமெரிக்க பேஸ்பால் பயிற்சியாளர் சங்கத்தின் மாநாட்டில் ஆள் தேடி வருபவர்களிடம் காட்ட வேறொன்றும் தேவையில்லை.

மேஜர் லீக் அணிகளில் பிட்ச்சிங் கோச் ஆவதற்கு உரிமம் என்று எதையும் கேட்பதில்லை, அப்படி ஒன்றை வழங்கும் அமைப்பும் இல்லை. கட்டுரையின் மற்றப் பகுதிகளை விட்டாலும், அந்த ஒரு சொல்லையாவது அடுத்த இதழில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்